சாமிக்கண்ணு வின்சென்ட்

சென்ற நவராத்திரியின்போது ஸ்ரீரங்கத்து மண்டபம் ஒன்றில் ஏழு வீணைகளும் மிருதங்கமும் கடமும் சேர்ந்த வாத்தியக் குழுவின் கச்சேரியை நானும் வகுப்புத் தோழர் இருவரும் படம் பிடித்தோம். ஆளுக்கொரு செல்பேசி. ஒருவர் மேடைக்கு இடப்புறம், மற்றவர் வலப்புறம். நான் கடைசி வரிசைக்குப் பின்னால். மூன்றையும் வெட்டி ஒட்டி ஒரே படமாக்கியபோதுதான் வினை வந்தது. நான் எடுத்த காட்சி வரும் இடங்களிலெல்லாம் மிருதங்கத்தில் கை முன்னே விழ, ஓசை பின்னே கேட்டது. தொடக்கத்தில் நூலிழை அளவு. மங்களம் வரும் வேளைக்கு யாருக்கும் தெரியும் அளவு. மிருதங்கம் வாசித்த பெரியவரிடம் காட்டினோம். பாதியிலேயே செல்பேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். இதே திருச்சியிலிருந்து புறப்பட்டு, நூறாண்டுக்கும் முன்பே படத்தையும் ஓசையையும் சேர்த்துக் காட்ட முயன்ற ஒருவர் உண்டு என்று அவர் பெயரை மட்டும் கூறினார். மற்றதை நான் தேடிப் படித்தேன்.

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரையும் எழுத்தர் வேலை. மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905-ல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊரூராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் உடல் நலம் குன்றவே, கருவியையும் படச்சுருள்களையும் விற்றுவிட்டுத் தாயகம் திரும்ப எண்ணினார். வாங்கியவர் வின்சென்ட். விலை 2,000 ரூபாய்க்கு மேல். கணக்கிட்டுப் பார்த்தேன்: அவருடைய ஆறரை ஆண்டுச் சம்பளத்தையும் தாண்டுகிறது. அப்போது அவருக்கு வயது 22; என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ரயில்வே வேலையையும் விட்டுவிட்டார். ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயா என்று தினமும் கேட்கும் வீட்டிலிருந்து இதை எழுதும் எனக்கு, அந்த ஒரு வரியைக் கடந்து மேலே படிக்கச் சற்று நேரம் பிடித்தது.

அவரிடம் இருந்த படங்களுள் முதன்மையானது ஏசுநாதரின் வாழ்க்கை. கூடாரத்தையும் கருவியையும் ஏற்றிக்கொண்டு வடக்கே லாகூர், பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலேயா வரையிலும் சென்றார். தென்னாட்டவருள் இத்தொழிலில் முதலில் இறங்கியவர் இவரே என்பர்.

1909-ல் சென்னை எஸ்பிளனேடில் அவர் அமைத்த கூடாரத்தின் பெயர் எடிசன் கிராண்ட் சினிமாமெகபோன். ஊமைப் படத்தோடு கிராமபோன் இசைத்தட்டை ஓடவிட்டுக் காட்டிய காட்சி அது. இயற்பியல் மாணவனாகிய எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. அக்காலப் படக்கருவியைக் கையால் சுற்றுவார்கள். கிராமபோனோ சாவி கொடுத்த வில்லின் விசையில் சுழலும். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. கை சற்றுத் தளர்ந்தால் படம் பின்தங்கும். சுருள் அறுந்து ஒட்டும்போது சில படச்சட்டங்கள் குறைந்தால், அதன்பின் ஓசை பிந்தியே வரும். தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடம்தான் என்பதால் ஒரு வசதி: பிழை பெருகுமுன் தட்டு முடிந்துவிடும். எங்கள் கச்சேரியோ ஒன்றரை மணி நேரம்!

1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கைக் கட்டினார். அச்சாலை இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. பின்னர் பேசும் படம் வந்தது. ஓசையைப் படச்சுருளின் ஓரத்திலேயே ஒளிக்கோடாகப் பதித்துவிட்டபடியால், இரண்டும் பிரிய வழியில்லாமற் போயிற்று. தட்டோடு மல்லுக்கட்டிய வின்சென்டே 1933-ல் கல்கத்தா பயனீர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, டி. பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் என்ற பேசும் படத்தை எடுத்தார். படம் நன்றாக ஓடிற்று. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1942-ல் காலமானார்.

எங்கள் பிழைக்குக் காரணங்கள் இரண்டு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் செல்லும். 30 மீட்டர் பின்னால் நின்ற என் செல்பேசிக்கு அது விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்தது. அந்த ஓசையை மேடை ஓசையோடு பொருத்தியதால் என் படம் இரண்டு சட்டம் முந்திவிட்டது. மேலும், மூன்று செல்பேசிகளும் ஒரே சீராக ஓடவில்லை. இம்முறை காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினோம். மிருதங்கத்தில் கை விழும் சட்டத்தைத் தேடி, மேடையருகே பதிந்த ஓசையை அங்கே நிறுத்தினோம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, தட்டு மாற்றுவதுபோல, மீண்டும் பொருத்தினோம். நான்கு இரவுகள் ஆயின. வரும் ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போகிறோம்.