கரண்ட் பெட்டியோடு நோயாளியைத் தேடிப் போன டுஷேன்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் செய்தி சேகரிக்கும்போது தோள்வலியும் இடுப்புவலியும் சொல்லாத கொழுந்து பறிக்கும் பெண்களை நான் சந்திப்பது அரிது. டவுன் வைத்தியசாலையில் கரண்ட் வைத்தால் சுகம் கிடைக்கும் என்று பலருக்குத் தெரியும். ஆனாலும் போவதில்லை. போனால் அன்றைய பேர் கிடைக்காது, நாட்சம்பளம் போய்விடும். அந்தக் கரண்டை வைத்தியமாக்கியவரின் கதையை இங்கே எழுதுவது அதனால்தான்.

கியோம் டுஷேன் 1806இல் பிரான்ஸின் பூலோன் துறைமுக நகரில் கடலோடிக் குடும்பமொன்றில் பிறந்தார். தகப்பன் அவரைக் கடலுக்கு அனுப்ப விரும்பினார். அவரோ பாரிஸில் மருத்துவம் படித்து, 1831இல் பட்டம் பெற்று, ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தார். இரண்டே வருடத்தில் மனைவி பிரசவக் காய்ச்சலில் இறந்தார். பிரசவம் பார்த்தவர் அவரே என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. மகனை மனைவி வீட்டார் பிரித்து வளர்த்தார்கள்.

அவர் பட்டம் பெற்ற அதே 1831இல் இங்கிலாந்தில் மைக்கல் பரடே மின்தூண்டலைக் கண்டறிந்தார். அதை வைத்துச் செய்த பெட்டிகள் விரைவில் வைத்தியர்களின் கைக்கு வந்தன. டுஷேன் முதலில் ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சினார். பிறகு, ஈரமான மின்முனைகளைத் தோலின்மேல் வைத்தாலே ஒரு தசையை மட்டும் தனியாக அசைக்கலாம் என்று கண்டார். எங்கே வைத்தால் எந்தத் தசை அசையும் என்று உடம்பு முழுவதும் தேடினார். இன்றைய இயன்மருத்துவர்கள் தேடுவதும் அத்தகைய புள்ளிகளைத்தான்.

1842இல் பாரிஸுக்குப் போனார். எந்த வைத்தியசாலையிலும் அவருக்குப் பதவி இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சால்பெட்ரியேர் போன்ற ஏழைகளின் வைத்தியசாலைகளில் கட்டில் கட்டிலாகப் போனார். பெரிய வைத்தியர்கள் முதலில் சிரித்தார்கள். 1855இல் அவருடைய நூல் வந்தது. சிறுவர்களின் தசைகளை நலியவைக்கும் நோயொன்று இன்றும் அவர் பெயரில் வழங்குகிறது. நரம்பியல் மேதை ஷார்க்கோ அவரைத் தன் ஆசானாக மதித்தார். பல வருடங்களுக்குப் பிறகு வைத்தியராகத் திரும்பிவந்த மகன், தகப்பனுக்கு முன்னரே இறந்தார். டுஷேன் 1875இல் காலமானார்.

எந்தத் தசை மின்சாரத்துக்கு அசைகிறது, எது அசையவில்லை என்பதை வைத்தே அவர் நோயைப் பிரித்தறிந்தார். போர்க் காயத்தோடு வாழ்பவர்களுக்கு இது முக்கியம். 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களிலும் அப்படிப் பலர் உண்டு. நரம்பு உயிரோடிருந்து தசை மெலிந்திருந்தால், பயிற்சியோடு சேர்த்து வைக்கும் கரண்ட் பலம் தரும். ஷெல் துண்டு நரம்பை அறுத்திருந்தால் கரண்ட் அதை ஒட்டவைக்காது. எது நடந்திருக்கிறது என்று நேரத்தோடு பரிசோதிப்பதே முதல் வேலை.

வலிக்கு வைக்கும் கரண்ட் வேறு வகை. தோலில் ஏற்படும் மெல்லிய துடிப்பு, வலிச் செய்தியை முள்ளந்தண்டிலேயே தடுக்கிறது என்பது 1965இல் மெல்சாக்கும் வோலும் முன்வைத்த விளக்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுகம் தற்காலிகமானது. மறுநாளும் அதே பாரத்தைச் சுமந்தால் வலி திரும்பும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும், கர்ப்பிணிகளும், தோல் மரத்துப்போனவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

டுஷேன் சுமந்த பெட்டி இன்று உள்ளங்கையளவுக்குச் சுருங்கி, பற்றரியில் ஓடுகிறது. அதைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோவது கடினமில்லை. வாரம் ஒருநாள், பயிற்சி பெற்ற ஓர் இயன்மருத்துவர் அதனோடு வந்தால், வலியா சம்பளமா என்று ஒரு பெண் தெரிவுசெய்ய வேண்டியிருக்காது. மலையகப் பிரதிநிதிகளிடமும் சுகாதாரத் திணைக்களத்திடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.