சுப்பிரமணிய சிவம் நடந்த வழி

தேசபக்தர்களின் சரித்திரத்தை எழுதப் புகும் நம்மவர் பெரும்பாலும் சிறைவாசலோடு நின்றுவிடுகிறார்கள். கைதானதும், விசாரணையும், தண்டனையும் விரிவாக வரும். விடுதலையான பின் அந்த மனிதர் எவ்வாறு ஜீவித்தார் என்பது இரண்டு வரிகளில் முடிந்துபோகும். ஸ்ரீ சுப்பிரமணிய சிவம் விஷயத்தில் இது பெரிய அநியாயம். தூத்துக்குடி வழக்கில் அவர் சிறையிலிருந்தது நாலரை வருஷத்துக்குச் சற்று மேல். அதன்பின் குஷ்டரோகியாக நம்மிடையே உலாவியது பன்னிரண்டரை வருஷத்துக்கு மேல். இவ்விரண்டில் எது கடுமையான தண்டனை என்பது யோசிக்கத் தக்கது. முன்னதை விதித்தது அந்நிய சர்க்கார். பின்னதில் நமக்கும் பங்குண்டு.

சிவம் 1884ஆம் வருஷம் அக்டோபர் 4ந் தேதி வத்தலகுண்டில் பிறந்தார். வறுமையில் வளர்ந்தவர். திருவனந்தபுரத்தில் தேசாபிமானப் பிரசங்கங்கள் செய்ததற்காகத் திருவாங்கூர் சமஸ்தானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். ஊர் ஊராகப் பேசிக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தவரை வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். அதன் பின் நடந்தவை நேயர்கள் அறிந்தவையே: கடற்கரைக் கூட்டங்கள், 1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம், மார்ச்சு 12ந் தேதி கைது, மறுநாள் திருநெல்வேலிக் கலகம். ஜூலை மாதம் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். சிவத்துக்குப் பத்து வருஷம் தீவாந்தரம். பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். அவற்றுள் ஒன்று ராஜத்துரோகப் பேச்சுக்காக, மற்றொன்று சிவத்துக்குச் சோறும் இருக்க இடமும் கொடுத்து உதவியதற்காக. ஹைகோர்ட்டு பின்னர் இத்தண்டனைகளைக் குறைத்தது. ஆயினும் சிவத்துக்குச் சோறிடுவது குற்றம் என்ற தீர்ப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சில வருஷங்களுக்குப் பின் எந்த நீதிபதியும் உத்தரவிடாமலே வேறொரு காரணத்துக்காக அது ஊர் வழக்கமாக இருந்தது.

சிறையிலே அவரைக் குஷ்டம் பற்றியது. 1912 நவம்பர் 2ந் தேதி வெளியே வந்தபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. சென்னையில் குடியேறி, 1913ல் ஞானபாநு என்னும் மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். பாரதியாரும் பிள்ளையும் அதில் எழுதினார்கள். பின்னர் பிரபஞ்சமித்திரன் வந்தது. புஸ்தகங்கள், நாடகங்கள், ஓயாத பிரசங்கங்கள் என ஆரோக்கியமுள்ள இருவர் சேர்ந்து செய்யக்கூடிய வேலையை அவர் ஒருவரே செய்தார். நோயை மறைக்க வேண்டுமென்றோ, அது தீர்ந்த பின் மேடையேறலாமென்றோ அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் ஒருநாளும் ஏறியிருக்க முடியாது. நீரடிமுத்து எண்ணெயைத் தவிர அக்காலத்து வைத்தியத்தில் சொல்லத்தக்க மருந்து ஏதும் இல்லை.

இந்த மனிதரின் வாயை அடைக்கச் சர்க்காருக்கு ஒரு வழி கிடைத்தது. தொற்று நோயுள்ளவர்களை வண்டியில் ஏற்ற மறுக்க 1890ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் இடங்கொடுத்தது. 1898ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டமோ இன்னும் கொடியது. அது அமலாகும் இடங்களில், புண் கண்ட ரோகி வாடகை வண்டியில் ஏறலாகாது. பிழைக்க வழியின்றித் திரிபவரைப் போலீசார் வாரண்டு இல்லாமலே பிடித்துக் காப்பகத்தில் அடைக்கலாம். சிவம் ரயிலில் செல்லக் கூடாதென்று தடை வந்தது. பேச்சுக்குத் தடை போட்டால் ஊர் கொதிக்கும். நோய்க்குத் தடை போட்டால் ஊரே ஆமோதிக்கும். இந்தக் கணக்கை அதிகாரிகள் சரியாகவே போட்டிருந்தார்கள். குஷ்டரோகிக்கு ரயிலை மறுப்பது அநீதி என்று பெரிய கிளர்ச்சி எதுவும் அன்று தேசத்தில் எழவில்லை.

சிவம் நடந்தார். மாட்டு வண்டி கிடைத்த இடத்தில் வண்டியில் சென்றார். கிடைக்காத இடத்தில் கால்நடை.

குஷ்டரோகிக்கு நடை என்பது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்த நோயின் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. கைகால்களில் உணர்ச்சி மரத்துப்போகிறது. கல் குத்தினாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் கால் ஒதுங்காது. அதே இடத்தில் மேலும் மேலும் மிதிபட்டுப் புண் ஆழ்ந்து எலும்பைத் தொடும். விரல்கள் அழிவது நோயினால் நேராக அல்ல, பெரும்பாலும் இவ்வாறு உணராத காயங்களினாலேதான் என்பதை 1940களின் பிற்பகுதியிலிருந்து வேலூரில் டாக்டர் பால் பிராண்டு தெளிவாக எடுத்துக் காட்டினார். ஆகவே அந்தப் பாதங்களுக்கு வேண்டியது ஓய்வும் வாகனமும். சர்க்கார் அவற்றைத்தான் பறித்தது. தொற்றைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நோயாளியின் காலை அவரைக்கொண்டே அழிக்கச் செய்த உத்தரவு இது. தொற்று என்பதும் பெரும்பாலும் பயமே. மனிதரில் மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பிலேயே உண்டு.

சட்டத்தை ஒருவாறு எதிர்க்கலாம். முகஞ்சுளிப்பை எப்படி எதிர்ப்பது? முன்ஜன்ம பாபம் என்று சாஸ்திரம் பேசியவர்கள் இருந்தார்கள். குஷ்டரோகிக்குத் திண்ணை கொடுக்கத் தயங்காத வீடு அன்று அபூர்வம். அனுதாபமுள்ளவர்களும், உடம்பு இப்படியிருக்க உமக்கேன் இந்த வேலை என்று சொல்வதையே அன்பென்று நினைப்பது வழக்கம். இதிலே கேவலமானது இந்த மூன்றாவது வகை என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில் அதை ஏற்றால் ஒரு மனிதன் தானாகவே மூலைக்குப் போய்விடுவான். அவனைத் தள்ளிய கை எதுவும் வெளியே தெரியாது.

இன்றும் நம் மேடைகளில் சர்க்காரைக் குருடென்றும் செவிடென்றும் ஏசுகிறோம். எதிர்க்கட்சியார் சொல்வது நொண்டிச் சாக்கு என்கிறோம். மிகவும் கோபம் வந்தால் எதிரியைக் குஷ்டரோகி என்றே சொல்லிவிடுகிறோம். அதே மேடையில் சிவத்தின் படத்துக்கு மாலையும் போடுகிறோம்.

1921ல் அவர் சந்நியாசம் பெற்று ஸ்வதந்திரானந்தர் என்ற பெயர் பூண்டார். அவ்வருஷமே ராஜத்துரோகக் குற்றஞ்சாட்டி மறுபடியும் இரண்டரை வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். நோய் முற்றவே, 1922ல் காலம் முடியுமுன் வெளியே விட்டார்கள். அப்பொழுதும் அவர் மூலைக்குப் போகவில்லை. தர்மபுரிக்கு அருகே பாப்பாரப்பட்டியில் ஓர் ஆசிரமம் ஏற்படுத்தி, அங்கே ஜாதி மத பேதமின்றி எல்லோரும் தொழப் பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்ப நினைத்தார். 1923ல் தேசபந்து சித்தரஞ்சன தாஸ் வந்து அஸ்திவாரக்கல் நாட்டினார். ஆலயத்துக்குப் பணம் திரட்டும் பொருட்டு சிவம் மறுபடியும் சாலையில் இறங்கினார். யாத்திரிகரை வரவேற்கும் ஊர்களில், தொடுவதற்கும் அஞ்சப்படும் உடம்போடு போய், மாதாவின் பெயரால் கை நீட்டி நின்றார்.

குஷ்டரோகிகள் சட்டத்தை நாம் நீக்கியது 2016ல். அதாவது சுதந்திரம் வந்து அறுபத்தொன்பது வருஷங்கள் கழித்து. விவாகரத்துக்கு இந்நோயைக் காரணமாகக் காட்டலாம் என்ற விதி 2019 வரை நம் சட்டப் புஸ்தகத்தில் இருந்தது. நோயைத் தீர்க்கும் கூட்டு மருந்துகளோ 1980களிலேயே கிடைத்துவிட்டன. சிவத்தை ஏற்ற மறுத்த அதே ரயில்வே, பின்னாளில், தொற்றாத நிலையிலுள்ள குஷ்டரோகிகள் சிகிச்சைக்குச் சென்று வரக் கட்டணச் சலுகை அளிக்கலாயிற்று.

1925 ஜூலையில் சிவம் மதுரையிலிருந்து பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினார். அம்மாதம் 23ந் தேதி அங்கே உயிர் நீத்தார். வயது நாற்பது. ஆலயத்தின் அஸ்திவாரம் அஸ்திவாரமாகவே கிடந்தது. அங்கே பாரத மாதா நினைவாலயம் ஒன்றைத் தமிழ்நாட்டு அரசாங்கம் கட்டித் திறந்துவைத்தது 2021ல்.