மறதியை அளந்த மேதை: ஹெர்மன் எபிங்ஹாஸ்

கற்றதை மறத்தல் மாந்தர் அனைவர்க்கும் இயல்பு. ஆயினும், எத்துணைக் காலத்தில் எவ்வளவு மறக்கின்றோம் என்பதைச் சோதனையால் ஆராய்ந்து எண்ணிக்கையால் உரைக்க முதன்முதல் முயன்றவர் ஜெர்மானிய அறிஞராகிய ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவரே.

இவர் 1850-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24-ஆம் நாள் பார்மன் நகரில் வணிகர் குடியொன்றிற் பிறந்தார். பான் சர்வகலாசாலையில் சரித்திரமும் மொழிநூலும் பயின்று, பின்னர்த் தத்துவ சாஸ்திரத்தில் உள்ளஞ் செலுத்தி, 1873-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அதன்பின் இங்கிலாந்திலும் பிரான்சிலும் தங்கிய காலத்தில், பெக்னர் என்பார் புலனுணர்ச்சியைக் கணக்கால் அளந்து எழுதிய நூல் அவர் கைக்கு எட்டியது. உணர்ச்சியை அளக்கலாமெனின் ஞாபகத்தையும் அளக்கலாம் என்று துணிந்தார்.

அக்காலத்து மனோதத்துவ நூலார்க்குத் தலைவராய் விளங்கிய வுண்ட், உயர்ந்த மனத்தொழில்கள் சோதனைக்கு அடங்கா எனக் கருதினார். எபிங்ஹாஸுக்கோ ஆய்வுக்கூடமில்லை, சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் அவரே ஆயினார்.

பொருளுள்ள சொற்களை மனனஞ் செய்தால், முன்னறிவும் விருப்பமும் கலந்து அளவைக் கெடுக்கும். ஆதலின், இரண்டு மெய்களினிடையே ஓருயிர் நிற்குமாறு பொருளற்ற அசைகள் ஏறக்குறைய 2,300 அமைத்துக் கொண்டார். அவற்றை ஒரே வேகத்தில் படித்தார். நாட்பொழுதும் வாழ்க்கைமுறையும் இயன்றவரை மாறாதவாறு காத்தார். ஒன்றை ஆராயுங்கால் ஏனையவற்றை மாறாது நிறுத்தல் வேண்டும் என்னும் சோதனை விதி இதுவேயாகும்.

மனனஞ் செய்ததை மீண்டும் கற்குங்கால் மிஞ்சும் நேரமே அவர்க்கு அளவுகோலாயிற்று. முதலில் 10 நிமிஷமும் பின்னர் 6 நிமிஷமும் ஆயின், மிச்சம் நூற்றுக்கு 40. இவ்வாறு கணக்கிட்டபொழுது, 20 நிமிஷத்திற்குப் பின் 58-ம், ஒரு மணிக்குப் பின் 44-ம், ஒரு நாளுக்குப் பின் 34-ம், 31 நாளுக்குப் பின் 21-ம் எஞ்சின. மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்கின்றது என்பது இதனாற் புலனாயிற்று. அன்றியும், ஒரே நாளில் 68 முறை ஓதியதற்கு நிகரான பயனை, மூன்று நாளிற் பகுத்து 38 முறை ஓதியே பெற்றார். பரீட்சைக்கு முதல்நாள் இரவில் விழித்திருப்போர் இதனை எண்ணுவாராக!

1879-இலும் 1880-இலும் கண்ட முடிவுகளை அவர் உடனே வெளியிட்டாரல்லர். 1883-இலும் 1884-இலும் மறுபடியும் சோதித்த பின்னரே, 1885-இல் நூலாக்கினார். ஒருவர் மனத்தின் அளவு எல்லார்க்கும் பொருந்துமோ எனும் ஐயம் நியாயமானதே. அதனைத் தீர்ப்பது பிறரும் அவ்வழியே சோதித்துப் பார்த்தலாம். முறை முழுதையும் அவர் விளங்க எழுதிவைத்தமையால், ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையினர் அச்சோதனையைத் திரும்பச் செய்து, பெரிதும் ஒத்த முடிவையே கண்டு 2015-இல் வெளியிட்டனர்.

1894-இல் பெர்லினில் தலைமைப் பதவி ஸ்டும்ப் என்பாருக்குக் கிடைக்க, எபிங்ஹாஸ் பிரெஸ்லௌ நகர் சென்றார். அங்கே பள்ளிச் சிறாரின் மனத்திறனை ஆராய, விடுபட்ட சொற்களை நிரப்பும் சோதனையொன்றை வகுத்தார். 1905-இல் ஹாலே நகர்க்குப் பெயர்ந்து, 1909-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 26-ஆம் நாள் நுரையீரல் நோயால் உயிர்நீத்தார்.

பெருங்கூடமும் பெரும்பொருளும் இன்றியும், பொறுமையும் நேர்மையும் உடையார் உண்மையைக் காண்பர் என்பதற்கு இப்பெரியார் வாழ்வே சான்று. தாம் கண்டதைத் தாமே மீண்டும் ஐயுற்று நோக்கிய அவர்தம் பண்பினை, எத்துறை பயிலும் மாணவரும் கடைப்பிடிப்பாராக.