ஓதப் பழகிய பிள்ளை: வண்ணார்பண்ணை அஸீஸ்

அனலைதீவில் வளர்ந்த எனக்கு ‘ஓதுதல்’ என்றால் தேவாரந்தான். கோயில் மண்டபத்தில் வரிசையாக இருத்திப் பழக்குவார்கள். ழகரம் லகரமாக வழுக்கினால் தலையில் ஒரு குட்டு விழும். ஊர்காவற்றுறைக்குப் படகேறி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போய்ப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் வேறொரு வீட்டிலும் புழங்குவது தெரிந்தது. முஸ்லிம் பிள்ளைகளும் காலையில் ‘ஓதப்’ போனார்கள். அவர்கள் ஓதியது குர்ஆன். அவர்களுக்கும் உச்சரிப்புப் பிழைத்தால் குட்டு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அப்படி ஓதப்போன பிள்ளைகளில் ஒருவர் ஏ.எம்.ஏ.அஸீஸ். முழுப்பெயர் அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ். 1911 ஒக்டோபர் 4ஆந் திகதி வண்ணார்பண்ணையில் பிறந்தார். தந்தை அபூபக்கர் புறொக்டர். யாழ்ப்பாண நகர சபையிலும் இருந்தவர். ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இதே வண்ணார்பண்ணையில்தான். அஸீஸ் அந்த ஊரின் சோனகர் பகுதியில் குர்ஆன் மத்ரஸாவில் அறபு எழுத்துகளைப் படித்தார். பிறகு 1921இல் இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், 1923இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் சேர்ந்தார். ஒரே பிள்ளை பத்து வயதுக்குள் அலிஃபும் அகரமும் வெவ்வேறு திண்ணைகளில் பழகியது.

அந்த மத்ரஸாப் படிப்பு சுலபமானதல்ல. அறபியில் 28 எழுத்துகள். வாயின் எந்த இடத்தில் எந்த ஒலி பிறக்க வேண்டும் என்பதற்குத் தனிக் கலையே உண்டு, தஜ்வீத் என்பார்கள். டமஸ்கஸில் பிறந்து 1429இல் இறந்த இமாம் இப்னுல் ஜஸரி, ஒலி பிறக்கும் இடங்களைப் பதினேழாக வகுத்தார். இன்றும் மத்ரஸாக்களில் அவருடைய கணக்கே நடக்கிறது. நமக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. தொல்காப்பியத்தின் பிறப்பியல் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களைச் சொல்கிறது. இரண்டு மரபிலும் ஆசிரியன் மாணவனுடைய வாயைப் பார்த்துத்தான் பாடம் எடுத்திருக்கிறான்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், தமிழ் நாக்குக்கு அறபியின் தொண்டை எழுத்துகள் பழக்கமில்லை. அடித்தொண்டை, நடுத்தொண்டை, மேல்தொண்டை என்று ஆறு எழுத்துகள் அங்கேயே பிறக்கின்றன. நமக்கு ஒரு ‘ஹ’ இருக்கிறது. அதுவும் கிரந்தத்திடம் வாங்கியது. அறபியில் இரண்டு ‘ஹ’. நம்முடைய ‘க’ ஒன்று. அங்கே ‘காஃப்’ நாக்கின் நடுப்பின்புறத்திலும், இன்னொரு ‘காஃப்’ உள்நாக்கை ஒட்டியும் பிறக்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘கல்ப்’தான். உச்சரிப்பில் ஒன்று இதயம், மற்றது நாய். இறைவனிடம் இதயத்தைப் பற்றிப் பேச வந்த பிள்ளை நாயைப் பற்றிப் பேசிவிடக் கூடாதே என்பதுதான் லெப்பையின் கவலை. அவர் பிரம்பை எடுத்ததில் வியப்பில்லை.

ளாத் என்ற எழுத்து இன்னும் கடினம். நாக்கின் ஓரம் மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் பட வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் அதைத் தங்கள் நாவில் இருந்த அருகிலான ஒலியால் சமாளித்தார்கள். இலங்கையில் இன்றும் ரமழான் என்றும் வுழூ என்றும் எழுதுகிறோம் அல்லவா? அந்த ழகரம் அப்படி வந்ததுதான். இந்தியாவின் வடபகுதியில் ரம்ஜான் என்கிறார்கள். எங்கள் மண்டபத்தில் குட்டு வாங்கித் தந்த அதே ழகரம், பக்கத்துத் தெருவில் அறபியைக் காப்பாற்றப் போயிருக்கிறது.

அஸீஸின் வாழ்க்கையை உத்தியோக வரிசையில் சொன்னால் சுருக்கமாகவே முடிந்துவிடும். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்தார். கேம்பிரிட்ஜுக்குப் போனார். சிவில் சேவைக்குத் தெரிவான செய்தி வந்ததும் அந்தப் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். 1935இல் அந்தச் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம் அவரே. 1942இல் யுத்த காலத்தில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். வேலை, நெல்லுற்பத்தியைப் பெருக்குவது. பக்கத்துக் காரைதீவு சுவாமி விபுலாநந்தரின் ஊர். இருவருக்கும் நட்பு உண்டானது. கிழக்கு முஸ்லிம்களின் வறுமையும் பள்ளிக்கூடமில்லாத பிள்ளைகளும் அவரை வெகுவாக மாற்றின. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். காசில்லாததால் படிப்பை விடுகிற பிள்ளைகளுக்குக் கைகொடுப்பது அதன் நோக்கம்.

1948இல் சிவில் சேவையை உதறிவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். அந்த நாளில் இப்படிச் செய்தவரைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் ஸாஹிரா சாதாரணப் பள்ளிக்கூடமல்ல. 1892இல் அறிஞர் சித்திலெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் அதற்கு வித்திட்டார்கள். குர்ஆனை ஓதத் தெரிந்தும் உலகப் படிப்பில் பின்தங்கிப் போன ஒரு சமூகத்துக்கு வழி தேடியவர் சித்திலெப்பை. அவர் விட்ட இடத்திலிருந்து அஸீஸ் தொடர்ந்தார் என்பது என் கணிப்பு. 1961 வரை அதிபராக இருந்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அந்தக் கல்லூரியில் படித்தவர் என்பதை நம்மவர்கள் பலர் மறந்துவிட்டோம்.

அஸீஸ் ஸாஹிராவை விட்டு விலகிய அதே 1961இல் கெய்ரோவில் ஷேக் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி குர்ஆன் முழுவதையும் ஓதிய ஒலிப்பதிவு வெளிவந்தது. வானொலியும் பின்னர் கசெட்டும் அந்தக் குரலை எங்கும் கொண்டுபோயின. அதுவரை ஊர் லெப்பையின் வாயே அளவுகோலாக இருந்தது. அதன்பின் பிள்ளைகள் எகிப்தியக் குரலோடு தங்கள் நாவை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. உச்சரிப்புத் திருந்தியது உண்மை. அதோடு, ஊருக்கு ஊர் இருந்த ஓதும் மெட்டுகள் கொஞ்சம் மங்கின. இதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. மார்க்கம் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஓதப் பழகியதன் பயன் அறபியோடு நிற்கவில்லை. அலிஃப், பே படித்த பிள்ளைக்கு அதே எழுத்துகளால் தமிழையும் வாசிக்க வந்தது. அறபியில் இல்லாத ட, ண, ப, ழ போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்துக் கொண்டார்கள். இதுதான் அறபுத்தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் மார்க்க நூல்களை அதில் எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகாத, தமிழ் எழுத்துத் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரே காரணத்தால் தமிழ் வாசித்தார்கள். அஸீஸ் இதை நன்றாகக் கவனித்தவர். 1973இல் அறபுத்தமிழ் எங்கள் அன்புத்தமிழ் என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். முன்னர் 1963இல் வெளிவந்த அவருடைய இலங்கையில் இஸ்லாம் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது.

அறபு எழுத்தின் மேல் இவ்வளவு பற்றுள்ளவர், தாய்மொழி எது என்ற கேள்வியில் தடுமாறவில்லை. முஸ்லிம்கள் சிங்களத்துக்கோ அறபுக்கோ மாறலாம் என்று சிலர் சொன்ன காலத்தில் அவர் தமிழின் பக்கம் நின்றார். 1952 முதல் செனற்றராக இருந்தவர், 1956இல் சிங்களம் மட்டும் என்ற கொள்கையை எதிர்த்தார். அரசியலில் இதனால் அவருக்கு இலாபம் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

1973 ஓகஸ்டில் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யா தொடங்கியது. மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நெடுநாள் கனவு அது. சில மாதங்களில், நவம்பர் 24ஆந் திகதி அஸீஸ் காலமானார். வயது 62.

1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் முதலாவது பட்டமளிப்பு விழாவில் அவருக்கு இறப்பின் பின்னான கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவர் பிறந்த தெருவிலிருந்து பல்கலைக்கழகம் சைக்கிளில் போகும் தூரந்தான். பத்து ஆண்டுகள் கழிந்து, 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி புலிகள் உத்தரவிட்டார்கள். சோனகத் தெரு ஒரே பகலில் வெறிச்சோடியது. ஓதிக்கொடுத்தவர்களும் ஓதிய பிள்ளைகளும் புத்தளம் அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஓலைக் கொட்டில்களில் அலிஃபிலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.