மறைத்து வைத்த திருநீறு



போன செமஸ்டர் முடியும் நேரத்தில், தொழிற்பயிற்சிக்கான நேர்காணலுக்குப் போகக் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினேன். அன்று வெள்ளிக்கிழமை. அம்மா வழக்கம்போல நெற்றி நிறையத் திருநீறு பூசி அனுப்பி வைத்தார். கே.எல். சென்ட்ரலில் இறங்கியதும் நேராகக் கழிவறைக்குப் போனேன். கண்ணாடியைப் பார்த்து, டிஷ்யூவை நனைத்து, நெற்றியைச் சுத்தமாகத் துடைத்தேன்.

யாரும் துடைக்கச் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தில் யாராவது ஏதாவது கேட்டிருப்பார்களா என்றால், அதுவும் இல்லை. எனக்கே ஒரு பயம், அவ்வளவுதான்.

நேர்காணல் நல்லாத்தான் போச்சு. முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தார். திருநீற்றைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்டார். ஆனாலும் தொண்டையில் என்னமோ அடைத்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை திருமுறை வகுப்பில் ஆசிரியர் எடுத்துக்கொண்டது மங்கையர்க்கரசியார் வரலாறு. சின்ன வயதில் திருமுறை ஓதும் போட்டிக்காகத் திருஞானசம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். நம்மில் பலரும் செய்திருப்போம். ஆனால் அது யாருடைய படுக்கைக்குப் பக்கத்தில் பாடப்பட்டது, யார் அழைத்ததால் பாடப்பட்டது என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சோழர் மகள், பாண்டியர் மருமகள்

காலம் 7ஆம் நூற்றாண்டு. சோழர் என்றதும் நமக்கு ராஜராஜனும், கடாரம் வரை கப்பல் அனுப்பிய ராஜேந்திரனும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சோழர்கள் ரொம்பச் சிறிய அரசர்கள். வடக்கே காஞ்சியில் பல்லவர், தெற்கே மதுரையில் பாண்டியர், நடுவில் இவர்கள். தஞ்சைப் பெரிய கோயில் எழும்ப இன்னும் 300 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது.

அப்படிப்பட்ட சோழர் குடும்பத்துப் பெண்தான் பாண்டிய மன்னன் நெடுமாறனுக்கு மனைவியானார். இன்று தஞ்சாவூரும் மதுரையும் ஒரே மாநிலம், சில மணி நேரப் பயணம். அன்று அது வேறு நாடு. புலிக்கொடி பறந்த வீட்டிலிருந்து மீன்கொடி பறந்த அரண்மனைக்குப் போனார். மொழி ஒன்றுதான், ஆனால் மற்றதெல்லாம் புதுசு.

நெடுமாறன் சாதாரண அரசன் இல்லை. நெல்வேலிப் போரில் வென்றவன். வேள்விக்குடிச் செப்பேட்டில் வரும் அரிகேசரி மாறவர்மன் இவன்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். முதுகில் கூன் இருந்ததால் கூன் பாண்டியன் என்றும் அழைக்கப்பட்டான் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அவன் சமண சமயத்தைப் பின்பற்றினான். அரசன் எவ்வழியோ அவ்வழிதான் அரண்மனையும் ஊரும். பிறந்த வீட்டில் சிவ பூசையோடு வளர்ந்த பெண், புகுந்த வீட்டில் தன் சமயத்தைப் பேசக்கூட ஆள் இல்லாமல் நின்றார். ஒரே ஒருவர் மட்டும் துணை: அமைச்சர் குலச்சிறையார். இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள மணமேற்குடிக்காரர். அந்தப் பெரிய அரண்மனையில் சைவர்கள் என்று பெரியபுராணம் நமக்குக் காட்டுவது இந்த இருவரைத்தான்.

நெற்றியில் இல்லை, மார்பில்

வகுப்பில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த இடம்தான்.

சம்பந்தர் மதுரைக்கு வந்தபோது பாடிய பதிகத்தில், அரசியின் மார்பில் முத்து மாலையும் சந்தனமும் திருநீறும் சேர்ந்திருப்பதாகச் சொல்கிறார். நெற்றியில் பூசினால் அரண்மனையில் பிரச்சனை வரும், அதனால் அவர் மார்பில் பூசி மறைத்துக்கொண்டார் என்று சொற்பொழிவாளர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள்.

நானும் மறைத்தேன், அவரும் மறைத்தார். அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? வகுப்பில் உட்கார்ந்து இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஒட்டவில்லை. அவர் திருநீற்றை இடம் மாற்றினார், நான் துடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மறைப்பது வேறு, அழிப்பது வேறு. அதுவும் அவருக்கு இருந்தது உண்மையான ஆபத்து. எனக்கு இருந்தது கற்பனை ஆபத்து.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. கணவனோடு தினமும் சண்டை போட்டதாகவும் கதை இல்லை. ‘நமக்கேன் வம்பு’ என்று விட்டுக்கொடுக்கவும் இல்லை. தன் நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு, நேரம் வரும் வரை காத்திருந்தார்.

வேதாரண்யத்துக்குப் போன தூது

அந்த நேரம் வந்தது. திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் திருமறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், தங்கியிருக்கிறார்கள் என்ற செய்தி மதுரைக்கு எட்டியது. அரசியும் குலச்சிறையாரும் ஆள் அனுப்பிச் சம்பந்தரை மதுரைக்கு அழைத்தார்கள்.

நாவுக்கரசர் தடுத்தார். அவர் ஒரு காலத்தில் சமணத் துறவியாக இருந்தவர், சைவத்துக்குத் திரும்பியதற்காகப் பல்லவ அரசனிடம் பட்ட துன்பம் அவருக்குத்தான் தெரியும். சம்பந்தரோ சிறு பிள்ளை. கோள்நிலையும் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். அதற்குப் பதிலாகச் சம்பந்தர் பாடியதுதான் கோளறு பதிகம். இன்று நம் வீடுகளில் பயணத்துக்கு முன்னும், ஏதாவது தடங்கல் வந்தாலும் பாடுகிறோமே, அந்தப் பதிகம் பிறந்ததற்கே இந்த அரசி அனுப்பிய தூதுதான் காரணம்.

மதுரையை நெருங்கியபோது சம்பந்தர் பாடிய பதிகம் இன்னும் சிறப்பு. ஒரு பாட்டில் அரசியைப் போற்றுகிறார், அடுத்த பாட்டில் அமைச்சரைப் போற்றுகிறார், இப்படியே மாறி மாறிப் போகிறது. பகை சூழ்ந்த ஊரில் தனியாக விளக்கேற்றி வைத்திருந்த இரண்டு பேரை, ஊருக்குள் நுழையும் முன்பே பேர் சொல்லிப் பாராட்டினார். தனியாக நிற்கிறவங்களுக்கு அந்தப் பாராட்டு எவ்வளவு பெரிசு என்று நினைத்துப் பாருங்கள்.

மெல்லப் போன தீ

சம்பந்தர் தங்கியிருந்த மடத்துக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. அரசனின் ஆட்சியில் நடந்த குற்றம், அதனால் அந்தத் தீ அரசனையே சேரட்டும் என்று சம்பந்தர் பாடினார். ஆனால் வேகமாக இல்லை, மெல்லப் போய்ச் சேரட்டும் என்றார்.

ஏன் மெல்ல? சேக்கிழார் காரணங்களை அடுக்குகிறார். அவற்றில் முதலில் வருவது அரசியின் தாலி. வேகமாகப் போனால் அரசன் இறந்துவிடுவான், இத்தனை காலம் பொறுமையாக இருந்த அந்தப் பெண் விதவையாகிவிடுவார். குலச்சிறையாரின் அன்பும் ஒரு காரணம். அரசன் திருந்தி வருவான் என்பதும் ஒரு காரணம். தண்டனையின் வேகத்தையே குறைத்தது ஒரு பெண்ணின் வாழ்க்கை.

தீ வெப்பு நோயாகி அரசனைப் பற்றியது. மயிற்பீலியாலும் மந்திரத்தாலும் தணிக்கப் பார்த்தார்கள், சூடு கூடியதே தவிர குறையவில்லை. அப்போதுதான் அரசி பேசினார். அத்தனை வருடம் வாய் திறக்காத விஷயத்தை, கணவன் துடிக்கும் நேரத்தில், குலச்சிறையாரோடு சேர்ந்து எடுத்துச் சொன்னார். மடத்துக்கு வைத்த தீதான் இந்த நோய்க்குக் காரணம், சம்பந்தரை அழைத்தால் தீரும் என்றார். அரசன் சம்மதித்தான்.

சம்பந்தர் வந்து அமர்ந்தார். சுற்றிலும் வாதாட வந்த பெரியவர்கள், நடுவில் ஒரு சிறுவன். அழைத்தவரே இப்போது பயந்துபோனார். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவர் முகத்தைப் பார்த்த சம்பந்தர், அரசிக்கே ஒரு பதிகம் பாடினார். நான் சின்னப் பிள்ளை என்று வருந்த வேண்டாம், ஆலவாய் இறைவன் துணை இருக்கிறான் என்பது அதன் பொருள். இவ்வளவு தைரியமான அரசியும் பயந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பயம் வந்தும் அவர் பின்வாங்கவில்லை.

பிறகு நமக்குத் தெரிந்த கதை. உடலின் இடப்பக்கம் சமணர்கள், வலப்பக்கம் சம்பந்தர். திருநீற்றுப் பதிகம் பாடித் திருநீறு பூச, வலப்பக்கம் குளிர்ந்தது. இடப்பக்கம் இன்னும் கொதித்தது. கடைசியில் இடப்பக்கத்தையும் சம்பந்தரே குளிர வைத்தார். நான் தெர்மோடைனமிக்ஸ் படிக்கிறவன். பாதி உடம்பு கொதித்துப் பாதி குளிர்வதற்கு என்னால் சமன்பாடு எழுத முடியாது. ஆனால் அந்த அறையில் கை பிசைந்துகொண்டு நின்ற ஒரு மனைவியை என்னால் பார்க்க முடிகிறது.

அதன்பின் நெருப்பில் இட்ட ஏடு வேகாமல் இருந்ததும், வைகையில் விட்ட ஏடு ஆற்றை எதிர்த்துப் போய்ச் சோழவந்தான் அருகே திருவேடகத்தில் நின்றதும், அரசனின் கூன் நிமிர்ந்து அவன் நின்றசீர் நெடுமாறன் ஆனதும் பெரியபுராணம் விரிவாகச் சொல்லும் செய்திகள்.

நாம் பேசத் தயங்கும் பகுதி

இந்த வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. வாதத்தில் தோற்ற 8,000 சமணர்கள், தாங்களே சொன்ன சபதத்தின்படி, அரசன் ஆணையால் கழுவேற்றப்பட்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. சிலர் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சம்பந்தர் தம் பதிகங்களில் சமணரைக் கடுமையாகச் சாடுகிறார், அது உண்மை. ஆனால் கழுவேற்றம் அவர் பாடல்களில் இல்லை. சேக்கிழார் எழுதியது ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து. சம்பந்தருக்குப் பின் வந்த நூற்றாண்டுகளிலும் ஆனைமலை, சமணர் மலை போன்ற மதுரைக் குன்றுகளில் சமணச் சிற்பங்களும் கல்வெட்டுகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. சீவக சிந்தாமணியும், நாம் இலக்கணப் பாடத்தில் பேர் கேட்கிற நன்னூலும் சமணர்கள் தமிழுக்குத் தந்தவை. எனவே அந்த எண்ணிக்கையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. நடந்திருந்தாலும் அது பெருமைப்படும் செயல் இல்லை. இந்த நாட்டில் நாமே சிறுபான்மையாக வாழ்கிறோம். அதிகாரத்தில் இருப்பவன் அடுத்தவன் நம்பிக்கையை எப்படி நடத்த வேண்டும் என்பது நமக்குத் தெரியாதா?

அரசி வென்றது கழுமரத்தால் இல்லை. காத்திருந்தும், சரியான நேரத்தில் பேசியும்தான் வென்றார்.

மூன்று பாடல், ஒரு வீடு

இதே காலத்தை ஒட்டி வேறு நாடுகளிலும் இப்படி அரசிகள் இருந்தார்கள். பிராங்க் நாட்டுப் பெர்த்தா, இங்கிலாந்தின் கென்ட் அரசனை மணந்தபோது தன் கிறிஸ்தவ நம்பிக்கையையும் கூடவே கொண்டுபோனார். சீனத்து வென்செங் இளவரசி 641இல் திபெத் அரசனுக்கு மனைவியாகப் போய், அங்கே பௌத்தம் வேரூன்றத் துணை செய்தார் என்று திபெத்தியர்கள் போற்றுகிறார்கள். வெளியிலிருந்து வந்த மருமகள்தான் பல நாடுகளின் திசையை மாற்றியிருக்கிறாள்.

நம் மங்கையர்க்கரசியாருக்கென்று பெரியபுராணத்தில் தனியாக உள்ளது மூன்றே பாடல்கள். வாழ்க்கையின் மற்ற பகுதியெல்லாம் சம்பந்தர் வரலாற்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் 63 நாயன்மார்களில் பெண்கள் மூவர்தான், அவர்களில் இவர் ஒருவர். கணவர் நெடுமாறனும் அமைச்சர் குலச்சிறையாரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அடுத்த முறை கோயிலில் நாயன்மார் வரிசையைச் சுற்றி வரும்போது, அந்த மூவரையும் தேடிப் பாருங்கள். தனியாக வந்த ஒரு பெண்ணால் ஒரு அரண்மனையே அங்கே வந்து நிற்கிறது.

எனக்குத் தொழிற்பயிற்சி இடம் கிடைத்தது. முதல் நாள் காலையில், நெற்றியைத் துடைத்த கதையை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு சின்னப் பொட்டலத்தில் திருநீறு மடித்துப் பையில் வைத்தார். பூசுவதும் பூசாததும் உன் விருப்பம் என்றார்.

சின்னதாக ஒரு கீற்று பூசிக்கொண்டு போனேன். பக்கத்து மேசை மலாய் நண்பர் அது என்னவென்று கேட்டார். சாம்பல், எல்லாரும் கடைசியில் இதுதான் என்று நினைவுபடுத்துவது என்றேன். நல்ல விஷயம் என்று தலையாட்டிவிட்டு, வரைபடத்தை என் பக்கம் திருப்பி வேலையைக் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தார். இதற்காகவா அத்தனை பயந்தேன்!

சித்திரை மாதம் ரோகிணி நட்சத்திரம் மங்கையர்க்கரசியாரின் குருபூசை. உங்கள் ஊர் ஆலயத்தில் நடந்தால் போய்க் கலந்துகொள்ளுங்கள். நடக்காவிட்டால் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து திருநீற்றுப் பதிகத்தை ஒருமுறை பாடுங்கள். பாடும்போது, அதை அந்த அறைக்குள் கொண்டுவந்த பெண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.