நோஞ்சான் பிள்ளை கண்ட பயிற்சி

ஜெர்மனியின் மொன்சென்கிளாட்பாக் நகரில் 1883 ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் ஒரு நோஞ்சான் பிள்ளை. ஆஸ்துமாவும் மூட்டுவாதக் காய்ச்சலும் அவரை வாட்டின. உடற்பயிற்சியாலேயே உடலைத் தேற்றினார்.

முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். பகை நாட்டவர் என்று பிடித்து, பின்னர் மேன் தீவிலுள்ள முகாமில் அடைத்தார்கள். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை; உடனிருந்தோருக்குப் பயிற்சி கற்பித்தார். கட்டில்களில் வில்சுருள்களைப் பூட்டி, படுத்த நோயாளிகளையும் கைகால் அசைக்கச் செய்தார் என்பர்.

1926-இல் நியூயார்க் சென்று, கிளாரா அம்மையாருடன் எட்டாம் அவென்யூவில் பயிற்சி நிலையம் நடத்தினார். மூச்சையும் வயிற்றுத் தசையையும் முதுகெலும்பையும் மனத்தின் கட்டுக்குள் கொணர்வதே அவர் முறை. அதற்குக் 'கண்ட்ராலஜி' என்று பெயரிட்டார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தனர். மருத்துவ உலகமோ அவர் விரும்பிய அளவுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குறையோடுதான் 1967-இல் மறைந்தார்.

காலந்தாழ்ந்தாவது இப்போது பார்க்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது; வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது; இரத்த அழுத்தம் ஏறி, இதயத்துக்கு ஆபத்து கூடுகிறது. அவர்களுக்கு இப்பயிற்சி எவ்வளவு உதவும் என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகின்றனர். ஓடவும் குதிக்கவும் முழங்கால் இடங்கொடாத அன்னையர், பாயில் படுத்தபடியே இதில் பலவற்றைச் செய்யலாம்.