கல்விக்கு வழி திறந்த வக்கம் மௌலவி

முன்னாளில் நம் குமரி மாவட்டமும் திருவிதாங்கூரின் பகுதியாகவே இருந்தது. அந்நாட்டு முஸ்லிம்கள் கல்வி பெற உழைத்த வக்கம் அப்துல் காதர் மௌலவியை நாம் மறத்தலாகாது.

1873-இல் பிறந்த அவர், 1905-இல் ‘சுதேசாபிமானி’ இதழைத் தொடங்கினார். 1910-இல் அரசு அவரது அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. அவ்விழப்பிலும் அவர் தளரவில்லை. அதே அரசிடம் சமுதாயப் பிள்ளைகளுக்காக இடைவிடாது வாதாடினார். அதன் பயனாக, முஸ்லிம் மாணவர் பயின்ற பள்ளிகளில் அரபுமொழி பாடமாயிற்று. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் கிட்டின. மாணவியர்க்குக் கட்டணமே நீங்கிற்று. சிறுவர் அரபு கற்கப் பாடநூல்களையும் அவரே எழுதினார். 1932-இல் மறைந்தார்.

சேர்க்கையளிப்பதோடு கல்லூரியின் கடமை முடிவதில்லை. இடையில் நின்றுவிடும் மாணவரின் தடையறிந்து நீக்குவதே நிறைந்த கல்விப்பணி. அவர் வாழ்வில் நாம் கற்பது இதுவே.